அரசனும் ஓர் அகதியாய் இருந்த மாளிகை

'ஹோட்டல்' என்னும் சொல் இந்நாட்டில் எம்மவர் மத்தியில் இரு பொருள் தருவதாயிற்று. உழைக்கத் தொடங்கிய பிள்ளைகள் பெற்றோரை ஓரிரவு தங்கிவர அனுப்பிவைக்கும் உல்லாச விடுதி ஒன்று. புகலிடம் கோரி வந்தவரை உள்நாட்டு அமைச்சு கொண்டுபோய் இருத்திவிடும் அறை மற்றையது. 2023 செப்டெம்பரில் அவ்வாறு விடுதிகளில் இருத்தப்பட்டிருந்தோர் தொகை 56 ஆயிரத்தைக் கடந்திருந்தது. இவ்விரு பொருளும் ஒரே கூரையின்கீழ் சந்தித்த மாளிகை ஒன்று லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில் ஏய்ல்ஸ்பரி நகருக்கு அருகே இருக்கிறது. அதன் பெயர் ஹார்ட்வெல்.

நாம் அங்கு சென்றது நண்பர் ஒருவரின் அழைப்பினால். எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்தவர் அவர். முதல் நான்கு ஆண்டுகள் விடுதிச் சமையலறைகளில் கோப்பை கழுவியவர். திருமணமாகி முப்பது ஆண்டுகள் நிறைவெய்தியதற்குப் பிள்ளைகள் ஹார்ட்வெல்லில் ஓரிரவை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தனர். மறுநாள் மாலைத் தேநீருக்கு நாமும் வரவேண்டுமென்று நண்பர் வற்புறுத்தினார். அவருடைய துணைவியாரின் உறவினரான இளைஞர் ஒருவரும் எம்முடன் வந்தார். கிளிநொச்சியைச் சேர்ந்தவர். லண்டன் புறநகரில் மேற்சொன்ன இரண்டாம் வகை விடுதியொன்றில், வேறு இருவருடன் ஓர் அறையைப் பகிர்ந்து, வழக்கு முடிவுக்குக் காத்திருப்பவர். மெரிலெபோன் நிலையத்திலிருந்து புகையிரதத்தில் ஏய்ல்ஸ்பரிக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். அங்கிருந்து ஒக்ஸ்பேர்ட் வீதியில் இரண்டு மைல்.

மாளிகையின் ஒரு முகப்பு பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குரியது. மற்றையது பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. உள்ளே படிக்கட்டின் கைப்பிடி நெடுகிலும் மரத்திற் செதுக்கிய உருவங்கள் நின்று வருவோரைப் பார்க்கின்றன. இத்தகைய மாளிகைகள் விடுதிகளானது பிரபுக்களின் விருந்தோம்பலினால் அன்று. 1894இல் விதிக்கப்பட்ட மரணச் சொத்துவரியும் இரு உலகப் போர்களும் பல குடும்பங்களால் வீட்டைக் காக்க முடியாத நிலையை உண்டாக்கின. சில இடிக்கப்பட்டன, சில நாஷனல் ட்ரஸ்ட் நிறுவனத்திடம் சேர்ந்தன, சில கட்டில் விரித்துக் காசு வாங்கத் தொடங்கின. ஹார்ட்வெல் 1938இல் விற்பனைக்கு வந்தது. சுற்றுலாத் தொழிலின் முன்னோடியான தோமஸ் குக்கின் பேரர் ஏர்னெஸ்ட் குக் அதை வாங்கினார். போர்க்காலத்தில் படையினர் தங்கினர். பின்னர் 1983 வரை பெண்கள் கல்லூரி. 1989இல் விடுதியாகத் திறக்கப்பட்டு, 2008இல் நாஷனல் ட்ரஸ்டுக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது.

ஆயினும் எமது ஆவலைத் தூண்டியவர் இவர்களில் எவருமல்லர். 1809 முதல் 1814 வரை இங்கு வாடகைக்கு இருந்த குடும்பமே அது. வாடகை ஆண்டுக்கு 500 பவுண். குடும்பத் தலைவர் தம்மைப் பிரான்சின் மன்னர் பதினெட்டாம் லூயி என்று கூறிக்கொண்டார். பிரித்தானிய அரசோ அவரை அப்பெயரால் அழைக்க மறுத்து, ஒரு பிரபுவுக்குரிய பெயரால் மட்டுமே அழைத்தது.

அவர் வந்து சேர்ந்த வழியை எம் வாசகர் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. 1791 ஜூன் மாதத்து ஓரிரவில், ஆங்கிலேயர் போல வேடம்பூண்டு, வேற்றுப் பெயரிற் பரிஸ் நகரை விட்டு வெளியேறினார். தலைமாற்றிய கடவுச்சீட்டு என்று எம்மவர் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். அதே இரவில் வேறு வழியாகப் புறப்பட்ட தமையன் பதினாறாம் லூயி இடைவழியிற் பிடிபட்டார். 1793இல் கில்லட்டினில் தலையிழந்தார். தம்பியோ பிரசல்ஸ், ஜேர்மனியின் கொப்லென்ஸ், இத்தாலியின் வெரோனா என்று அலைந்தார். நெப்போலியனின் படை நெருங்கியபோது வெனிஸ் குடியரசு அவரை வெளியேற்றியது. பின்னர் இன்றைய லற்வியாவிலுள்ள மிற்றாவில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் தயவில் இருந்தார். 1801இல், நடுக்கும் பனிக்காலத்தில், அதே சக்கரவர்த்தி வெளியே போகும்படி கட்டளையிட்டார். வார்ஸோவுக்குச் சென்றார், மீண்டும் மிற்றாவுக்கு வந்தார், சுவீடன் வழியாக 1807இல் இங்கிலாந்தின் யார்மத் துறையில் இறங்கினார். மொஸ்கோவிலும் கிழக்கு பெர்லினிலும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து வந்த எம்மவர், இப்பட்டியலைத் தம் கதையாகவே வாசிப்பர்.

யார்மத்தில் நடந்ததுதான் எமக்குச் சுவையாகப்பட்டது. அவர் லண்டனுக்கு அருகே இருப்பதை அரசு விரும்பவில்லை. தொலைவிலே ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில், ஹோலிறூட் அரண்மனையில் இடமிருக்கிறது, அங்கே செல்க என்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் எம்மவரைக் கிளாஸ்கோவுக்கும் நியூகாசிலுக்கும் பகிர்ந்தனுப்பிய முறைமை புதியதென்று நாம் எண்ணியிருந்தோம். லூயி மறுத்துவிட்டார். எசெக்ஸில் ஒரு பிரபு தமது மாளிகையைக் கொடுத்துதவ, அங்கு சிறிது காலம் இருந்து ஹார்ட்வெல்லுக்கு வந்தார். மறுப்பதற்கு மன்னருக்கு வசதியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே புரட்சிக்குத் தப்பிவந்த சாதாரண பிரெஞ்சுக்காரர், 1793இன் அந்நியர் சட்டப்படி துறைமுகத்திற் பெயர் பதிந்து, செயின்ற் பங்கிராஸை அடுத்த சோமர்ஸ் டவுனில் நெருங்கி வாழ்ந்து, வைக்கோல் தொப்பி பின்னி வயிறு வளர்த்தனர்.

மன்னருடன் ஹார்ட்வெல்லில் இருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். பெரிய கூடங்களைத் தடுப்பு வைத்துப் பல அறைகளாக்கினர். ஈயத் தகடு வேய்ந்த கூரையின்மேல் கோழியும் முயலும் வளர்த்தனர், மரக்கறி பயிரிட்டனர். வேர்செயில்ஸ் அரண்மனையில் ஆடம்பரமாய் நடமாடியவர்கள் அவர்கள். ஈஸ்ற்ஹாமில் முன்னறையைத் திரைச்சீலையால் இரண்டாக்கி, பின்வளவிலே பழைய வாளியில் கத்தரி நட்டவர்களுக்கு இது விளங்கும். வீட்டுக்காரருக்கு இது பிடித்திருக்காது என்பதும் விளங்கும்.

அக்கூட்டத்தில் ஒரு பெண்ணும் இருந்தார். கொல்லப்பட்ட மன்னரின் மகள் மரி தெரேஸ். பதின்மூன்று வயதிற் சிறைப்பட்டு, தந்தை, தாய், அத்தை மூவரையும் கில்லட்டினுக்கும், தம்பியைச் சிறைக்குள்ளேயே சாவுக்கும் பறிகொடுத்தவர். 1795இற் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானவர். ஹார்ட்வெல்லைப் பற்றிய விளம்பரத் தாள்கள் தோட்டத்தையும் நீர்நிலையையும் விரிவாகவே சொல்கின்றன. அத்தோட்டத்தில் அவரும் நடந்திருப்பார் என்பதே எம் மனதில் நின்றது.

லூயியின் மனைவி மரி ஜொசபீன் 1810 நவம்பரில் இம்மாளிகையிலேயே காலமானார். நாடற்ற அரசிக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில் இடம் கொடுத்தனர். அடுத்த ஆண்டு அவரது உடல் சார்டினியாத் தீவின் கல்யாரி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிரான்சுக்கு அவர் ஒருபோதும் திரும்பவில்லை.

1814இல் நெப்போலியன் வீழ்ந்தார். முடியை ஏற்கும் பத்திரத்தில் லூயி கையொப்பமிட்டது இம்மாளிகையின் நூலகத்திலேதான் என்கிறார்கள். ஏப்ரலில் அவர் புறப்பட்டபோது, அதுவரை மன்னரென்று அழைக்க மறுத்த அரசின் இளவரசரே ஸ்ரான்மோர் வரை எதிர்கொண்டு சென்றார். ஆம், இன்று எம்மவர் பலர் குடியிருக்கும் அதே ஸ்ரான்மோர்தான். லண்டன் வீதிகளில் மக்கள் திரண்டனர். அல்பமார்ல் வீதியில் அவரைத் தங்கவைத்த இடமும் ஒரு ஹோட்டலே.

இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் நாடு திரும்பியவருக்கு அந்த நாடு முழுமையாகக் கிடைத்ததா? மறுஆண்டே நெப்போலியன் மீண்டும் வர, பெல்ஜியத்தின் கென்ற் நகருக்கு ஓடவேண்டியதாயிற்று. வாட்டர்லூவின் பின்னரே நிலையாக அமர்ந்தார். அவர் தம்பி பத்தாம் சார்ள்ஸ் 1830இல் முடியிழந்து, அண்ணன் வேண்டாமென்ற அந்த ஹோலிறூட்டுக்கே போய்ச் சேர்ந்தார். பின்னர் மூன்றாம் நெப்போலியனும் அகதியாக வந்து 1873இல் சிசில்ஹேர்ஸ்ற்றில் உயிர் நீத்தார். அவர் இருந்த வீடு கோல்வ் கழகமாயிற்று.

தேநீர் வந்தது. சிறிய சான்ட்விச்சுகளும் ஸ்கோனும் மூன்றடுக்குத் தட்டில் வந்தன. இளைஞர் விலைப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்தார். உணவு தரப்படும் விடுதிகளில் இருந்தோருக்கு 2024இல் வாரத்துக்குக் கிடைத்த கைச்செலவு 8 பவுண் 86 பென்ஸ். நாம் மன்னரின் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

"அரசாங்கம் அவருக்குக் காசு குடுத்ததோ அண்ணை?"

"உதவித்தொகை குடுத்தது, தம்பி."

"வேலை செய்ய விட்டவங்களோ?"

"அவர் வேலை கேட்கவில்லை."

நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். இளைஞர் சிரிக்கவில்லை. கிளிநொச்சியில் அவர் மின்னிணைப்பாளராக இருந்தவர். இங்கு வந்து பதினொரு மாதமாகக் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. எமது தலைக்கு மேலே கூரைச் சுவரிலிருந்த பழைய விளக்கொன்றைக் காட்டி, அதன் வயரிங் பிழையாகப் போயிருக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் புல்வெளியில் நின்று நிமிர்ந்து கூரையை நெடுநேரம் பார்த்தார். கோழிக்கூடு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கேட்டார். எமக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவர் கையெழுத்திடப் போகவேண்டியிருந்ததால், நண்பர் தம்பதியரிடம் விடைபெற்று ஆறுமணிப் புகையிரதத்துக்கு விரைந்தோம்.