பெரிய கடை பக்கத்தில் வந்தால்...



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வண்டிகள் வருகின்றன. ஒரு மோட்டார், ஒரு குழாய், ஓர் உதவியாள் என்று நாகலூரில் ஒருவர் வாட்டர் சர்வீஸ் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே பெரிய முதலீட்டில் இன்னொன்று திறந்தால் அவர் என்ன செய்வார்?

முதலில் தோன்றுவது, கட்டணத்தைக் குறைப்பது. அது ஆபத்தானது. பெரியவர் பல மாதம் நஷ்டத்தைத் தாங்குவார். சிறியவரால் ஒரு மாதம்கூட முடியாது.

நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1916-ல் விருதுநகரில் பிறந்தது காளிமார்க். 1993-ல் கோகோ கோலா இந்தியாவுக்குத் திரும்பி வந்து, பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகியவற்றை வாங்கிக்கொண்டது. காளிமார்க் விற்றுவிட்டுப் போகவில்லை. பொவண்டோவின் தனிச்சுவையைக் கைவிடவுமில்லை. 2017 மார்ச் முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தபோது, மக்கள் தேடிய பெயர்களுள் பொவண்டோவும் ஒன்று.

சிறியவருக்கும் தனிச்சுவை உண்டு. வண்டிக்காரரைப் பெயர் சொல்லி அழைப்பது, இருக்கையின் அடியில் கிடந்த சில்லறையையும் எடுத்துக் கொடுப்பது, சொன்ன நேரத்தில் முடிப்பது, கோடையில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது ஆகியவை அவருடைய முதலீடு. தனியே போராடாமல், சிறு கடைக்காரர்கள் சேர்ந்து சோப்பும் உதிரிப்பொருளும் மொத்தமாக வாங்கினால் செலவும் குறையும்.

நமக்கும் கடமை உண்டு. பத்து ரூபாய் மிச்சத்துக்காக நாம் கடை மாறும்போது, அயலார் வீட்டு அடுப்பையும் சற்று நினைத்துப் பார்ப்போம். அவரிடம் கடன் சொல்லாமல், உரிய கூலியை அன்றே கொடுப்போம்.