நகத்தால் திறந்த மூடி

2007 ஆகஸ்ட் நடுவில் இந்தியா முழுக்கப் பலரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். கையிலிருந்த நோக்கியாவைக் கவிழ்த்து, பின்மூடியைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளி, பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தார்கள். அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்கள். பி.எல்.-5சி வகை பேட்டரிகளில் ஒரு பகுதி, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்திருந்தது. மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரித்தவை அவை. மொத்தம் 4 கோடியே 60 லட்சம். உலகம் முழுவதும் ஏறக்குறைய நூறு சம்பவங்கள்தாம் அதுவரை பதிவாகியிருந்தன. ஆனாலும் போன் வெடிக்கும் என்ற பீதி ஊரெல்லாம் பரவியது.

அந்தப் பீதிக்கு மருந்தும் எளிதாக இருந்தது. எண் பட்டியலில் இருந்தால் புதுப் பேட்டரி இலவசம். பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம். போன் அதே போன், அதில் இருந்த எண்களும் குறுஞ்செய்திகளும் அப்படியே.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 விற்பனைக்கு வந்தது. இரண்டே வாரத்தில், தீப்பிடித்த புகார்களால், விற்ற போன்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அப்போது கணக்கில் இருந்தவை 25 லட்சம் போன்கள். மாற்றிக் கொடுத்த போன்களிலும் சில எரிந்தன. அக்டோபரில் உற்பத்தியே நின்றது. அமெரிக்காவில் அந்த போனோடு விமானம் ஏறுவதற்கே தடை வந்தது. 2017 ஜனவரியில் நிறுவனமே காரணத்தைச் சொன்னது: ஒரு தொகுதி பேட்டரிகளில் மேல் மூலையில் மின்தகடு வளைந்திருந்தது, மற்றொரு தொகுதியில் வெல்டிங் பிசிறு இருந்தது. குற்றவாளி பேட்டரி மட்டும்தான். திரை, கேமரா, பேனா, மதர்போர்டு எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் பேட்டரி உள்ளே வைத்து ஒட்டப்பட்டிருந்ததால் முழு போனும் போக வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு சம்பவங்களுக்கு நடுவேதான் போனின் பின்மூடி மறைந்தது.

மறைவைத் தொடங்கிவைத்தது, நோக்கியா அறிவிப்புக்குச் சற்று முன், 2007 ஜூனில் கடைக்கு வந்த முதல் ஐபோன். அதில் பேட்டரியைக் கழற்ற முடியாது, மெமரி கார்டு போட இடமும் கிடையாது. அன்றைக்கு அது பெரிய குறையாகவே பேசப்பட்டது. மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகள் அதையே விளம்பரமாக்கி, எங்கள் போனில் பேட்டரியை மாற்றலாம், கார்டு போடலாம் என்று சொல்லி விற்றன. பிறகு ஒவ்வொன்றாக அவையும் அதே வழிக்கு வந்தன. சாம்சங்கின் எஸ் வரிசையில் இந்த மாற்றம் 2014க்கும் 2015க்கும் இடையில் நடந்தது. எஸ்5 மாடலில் பின்மூடியை நகத்தால் திறக்கலாம். எஸ்6 மாடலில் பின்புறம் முழுக்கக் கண்ணாடி. கார்டுக்கான இடமும் போய்விட்டது.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் உண்மையும் இருக்கிறது. கழற்றும் பேட்டரி வெளியே வந்து பையில், சாவிக்கொத்தோடு கிடக்கக்கூடியது. அதனால் அதற்குக் கெட்டியான கூடு வேண்டும். போனுக்குள் அது உட்காரத் தனிக் குழி, சுற்றுச்சுவர், ஸ்பிரிங் முள், மேலே மூடி எல்லாம் வேண்டும். உள்ளே ஒட்டிவிடும் பேட்டரிக்கு இவை தேவையில்லை. மெல்லிய அலுமினியத் தாளில் பொதிந்த பை போல இருந்தால் போதும். மிச்சமாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் போனை மெல்லிதாக்கலாம், அல்லது பேட்டரியைப் பெரிதாக்கலாம்.

ஆனால் எஸ்6 பேட்டரியைப் பெரிதாக்கவில்லை. எஸ்5 பேட்டரி 2,800 எம்.ஏ.ஹெச். எஸ்6 பேட்டரி 2,550தான். தடிமன் 8.1 மில்லிமீட்டரில் இருந்து 6.8 ஆனது, அவ்வளவுதான்.

‘தண்ணீர் புகாமல் இருக்கத்தான் மூடினோம்’ என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு பதில். இந்தப் பதிலையும் அதே இரண்டு போன்களே சோதித்துக் காட்டிவிட்டன. நகத்தால் திறக்கும் எஸ்5, ஐ.பி.67 தரச்சான்று பெற்ற போன். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மூடியின் உட்புறம் ஓடிய ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்தது. மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா பார் என்று திரையில் நினைவூட்டலும் வரும். அதற்கு அடுத்து வந்த, ஒட்டி மூடிய எஸ்6க்குத் தண்ணீர்த் தரச்சான்றே இல்லை. ரப்பர் வளையத்தில் மணல் சிக்கினால் தண்ணீர் கசியும், ஒட்டியது அதைவிட நம்பகமானது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் கழற்றும் பேட்டரியும் தண்ணீர்க் காப்பும் ஒன்றாக வாழ முடியாது என்பது உண்மையல்ல. 2024ல் இந்தியாவிலும் அறிமுகமான எக்ஸ்கவர்7 போனில் பேட்டரியைக் கையால் கழற்றலாம், மெமரி கார்டும் போடலாம், அதற்கு ஐ.பி.68 சான்றும் உண்டு. தயாரிப்பது அதே சாம்சங். முக்கியமாக நிறுவன ஊழியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் என்று விற்கப்படும் போன் அது.

போனில் உள்ள எல்லாப் பாகங்களிலும் பெரும்பாலும் முதலில் தேய்ந்துபோவது பேட்டரிதான். லித்தியம் அயனிகள் சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கமும், செலவாகும்போது மறு பக்கமும் போகின்றன. ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் லித்தியம், ஒரு பக்கத்தில் உள்ள கிராஃபைட்டின் மேல் படலமாகப் படிந்து, திரும்பி வராமல் தங்கிவிடுகிறது. பூஜ்ஜியத்தில் இருந்து நூறு வரை ஏறி இறங்குவதை ஒரு சுற்று என்று வைத்தால், 500 சுற்றில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் என்பது நெடுநாளாக இருந்த அளவுகோல். தினமும் முழுசாகத் தீர்த்து ஏற்றுபவருக்கு அது ஒன்றரை ஆண்டுகூட இல்லை. வெயில் இதை இன்னும் வேகப்படுத்தும். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பேட்டரிக்கு நிரந்தர சேதம் வரலாம் என்று ஆப்பிள் தன் வாடிக்கையாளருக்குச் சொல்கிறது. மே மாதத்துச் சென்னையில், பைக் ஹேண்டில் மேல் கிளிப் போட்டு மாட்டிய போனில் நாள் முழுக்க மேப் ஓடவிட்டு, பவர் பேங்க் வயரும் செருகி உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கு இந்தக் கணக்கு எப்படி இருக்கும்! அவர் பிழைப்பே அந்த போனில்தான் ஓடுகிறது.

80 சதவீதம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், தேய்ந்த பேட்டரியால் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாது. கேமராவைத் திறந்ததும், முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பொட்டென்று அணைந்துவிடும். இப்படி அணையாமல் இருக்க ஆப்பிள் ஒரு வழி செய்தது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்தது. போன் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லாமல் செய்தது. 2017 டிசம்பரில் விஷயம் வெளியே வந்ததும் ஒப்புக்கொண்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரில் இருந்து 29 டாலராக ஓராண்டுக்குக் குறைத்தது. 2020ல் இது தொடர்பான வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை கொடுக்கவும் சம்மதித்தது.

ஆனால் அந்தக் கதையில் மிக முக்கியமான வரி நீதிமன்றத்தில் எழுதப்பட்டதல்ல. 2019 ஜனவரி தொடக்கத்தில் ஆப்பிள் தலைவர் டிம் குக், வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். புது ஐபோனுக்கு மாறுபவர்கள் சில நாடுகளில் குறைந்ததற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று, குறைந்த கட்டணத்தில் பேட்டரி மாற்றிக்கொண்ட வாடிக்கையாளர்கள். போன் பழசாகிவிட்டது என்று நினைத்திருந்த எத்தனையோ பேருக்கு, பழசானது பேட்டரி மட்டும்தான் என்று 29 டாலரில் தெரிந்துவிட்டது.

இங்கே அதைத் தெரிந்துகொள்ளும் இடம் சர்வீஸ் கடை மேஜை. ‘சார்ஜ் நிக்கல’ என்று சொல்லி ஒருவர் போனை நீட்டுகிறார். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் லேசாகத் தூக்கியிருப்பதை விரலால் தடவிக் காட்டுகிறார்: ‘பேட்டரி உப்பிடுச்சுங்க.’ போன் சூட்டு மேடையில் சில நிமிடம் கிடக்கிறது. பசை இளகியதும் உறிஞ்சுகுமிழை ஒட்டி இழுத்து, உண்டாகும் முடியளவு இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, நான்கு ஓரமும் மெதுவாக அறுத்துக்கொண்டே வருகிறார். கண்ணாடி முதுகு என்றால் இந்த இடத்தில் அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார். கண்ணாடி விரிசல் விட்டால் அந்தச் செலவு யாருடையது என்று பிறகு வாக்குவாதம் வரும். திருகுகளைக் கழற்றி, பேட்டரியைப் போர்டோடு இணைக்கும் ஸ்ட்ரிப்பை முதலில் பிரித்துவிடுகிறார். அடியில் உள்ள பசைநாடா பாதியில் அறுந்தால் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, ஊறக் காத்திருந்து, பிளாஸ்டிக் கரண்டியால் நெம்புகிறார். இரும்பால் நெம்பமாட்டார். பை கிழிந்தால் புகை, சில நேரம் தீ. உப்பிய பேட்டரி கசிந்திருந்தால் லேசான இனிப்பு வாடை மேஜை முழுக்கப் பரவும்.

புதுப் பேட்டரி ஒட்டி, பசை தடவி, கிளிப்புகளால் இறுக்கி வைத்தால் வேலை முடிந்தது. மேல் பசை முன்பிருந்ததைப் போலத் தண்ணீரைத் தடுக்கும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. பத்து விநாடியில், நகத்தால் நடந்துகொண்டிருந்த காரியம் இது.

அந்த மேஜையில் இன்னொரு மாற்றமும் தெரியும். முன்பெல்லாம் போனைச் சர்வீசுக்குக் கொடுக்கும்போது கடைக்காரரே சொல்வார்: ‘சிம்மையும் கார்டையும் எடுத்துக்கோங்க.’ படங்கள், பாட்டு எல்லாம் நகக்கண்ணளவு கார்டில் வீட்டுக்கு வந்துவிடும். இன்றைக்குக் கார்டு இல்லாத போனில் அவ்வளவும் உள்ளேயே இருக்கின்றன. மதர்போர்டோடு பற்றவைத்த சிப்பில், மறைகுறியாக்கம் செய்யப்பட்டு இருக்கின்றன. போர்டு செத்தால் படங்களை மீட்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

மைக்ரோ எஸ்.டி. கார்டு 2004ல் டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் வந்து, அடுத்த ஆண்டு இன்றைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டில் அது ஒரு தொழிலையே உண்டாக்கியது. இன்டர்நெட் எட்டாத விலையில் இருந்த நாட்களில், பஸ் ஸ்டாண்டு ஓர மொபைல் கடையில் கார்டைக் கொடுத்தால் ‘ராஜா சார் பாட்டா, ரகுமான் பாட்டா?’ என்று கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் செருகி நிரப்பிக் கொடுப்பார்கள். பிறகு வந்த போன்களில் ஒரே தட்டில் இரண்டு குழி இருந்தது: இரண்டாவது சிம் போடு, இல்லாவிட்டால் கார்டு போடு. ஊருக்கு ஒரு சிம், நெட்டுக்கு ஒரு சிம் என்று வைத்திருந்தவர்களுக்கு அது தினப்படி சங்கடம்.

கார்டு போனதற்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு, அது பேட்டரிக் காரணத்தைவிட வலுவானது. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் யு.ஹெச்.எஸ். 1 வகைக் கார்டின் உச்ச வேகம் விநாடிக்கு 104 மெகாபைட். இன்றைய உயர்ரக போனின் உள்நினைவகம் விநாடிக்கு 4,000 மெகாபைட்டைத் தாண்டிப் படிக்கும். செயலியைக் கார்டில் வைத்தால் போன் திணறும். டூப்ளிகேட் கார்டு என்றால் படங்களே காணாமல் போகும். கழற்றிய கார்டு யார் கையில் கிடைத்தாலும் அதைப் படிக்கலாம் என்ற ஆபத்தும் இருந்தது. இவ்வளவும் உண்மைதான். ஆனால் கல்யாண வீடியோவையும் குழந்தையின் படங்களையும் சேர்த்து வைக்க விநாடிக்கு 4,000 மெகாபைட் வேகம் யாருக்கும் தேவையில்லை. இடம்தான் தேவை. அந்த இடத்தின் விலையைப் பாருங்கள். 2024ல் ஐபோன் 16 இந்தியாவில் வந்தபோது 128 ஜி.பி. மாடல் 79,900 ரூபாய், 256 ஜி.பி. மாடல் 89,900 ரூபாய். கூடுதல் 128 ஜி.பி.க்குப் பத்தாயிரம் ரூபாய். வெளியே அதே அளவு மெமரி கார்டு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைத்தது. அந்தப் பத்தாயிரத்தையும் வாங்குகிற அன்றே முடிவு செய்து கொடுத்துவிட வேண்டும். பிறகு மனம் மாறினால், மாதச் சந்தாவில் கிளவுடு வாங்குவதைத் தவிர வழி கிடையாது. கூகுள் ஃபோட்டோஸ் இலவசமாக எவ்வளவு படம் வேண்டுமானாலும் வைக்கவிட்டது 2021 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

காற்று இப்போது கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்ற முடிய வேண்டும். கடையில் கிடைக்கும் கருவி போதுமானதாக இருக்க வேண்டும். சூடுபடுத்தவோ கரைப்பான் ஊற்றவோ தேவைப்படக் கூடாது. சர்வீஸ் மேஜையின் சூட்டு மேடையையும் ஆல்கஹால் சொட்டையும் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது அந்த வாசகம். ஆனால் போன்களுக்கென்று 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள தனி விதியில் ஒரு விலக்கு உண்டு. 500 சுற்றுக்குப் பிறகு 83 சதவீதமும் 1,000 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதமும் தாங்கும் பேட்டரி, கூடவே தூசும் தண்ணீரும் புகாத உடல், இரண்டும் இருந்தால் பேட்டரி மாற்றுவதைத் தொழில்முறை ஆட்களிடமே விட்டுவிடலாம். பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த வழியில்தான் போகும் என்று தோன்றுகிறது. அப்படியே போனாலும் நஷ்டமில்லை. 500 சுற்றில் 80 என்றிருந்த பேட்டரி, அதற்கு இரண்டு மடங்கு காலம் உழைத்தாக வேண்டும். உதிரிபாகங்களையும் விற்பனை முடிந்து ஏழு ஆண்டு வரை கொடுத்தாக வேண்டும்.

ஐபோன் 16ல் ஆப்பிள் ஒரு புதுப் பசையைக் கொண்டுவந்தது. சாதாரண 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளை அதில் தொட்டால், ஒன்றிரண்டு நிமிடத்தில் பிடி தளர்ந்து உள்பேட்டரி தானே விடுபடும். நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் தொடக்கத்தில் இருந்தே பேட்டரியைக் கழற்றும்படி செய்துவருகிறது. 2023ல் வந்த ஃபேர்ஃபோன் 5ல் பழைய நோக்கியாவைப் போலவே விரலால் மூடியைத் திறந்து 4,200 எம்.ஏ.ஹெச். பேட்டரியை வெளியே எடுக்கலாம்.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு இறுதியில் அதற்கான இணையதளத்தையும் திறந்தது. போன் போன்ற சாதனங்களுக்குப் பழுதுநீக்க எளிமையைக் காட்டும் மதிப்பெண் போட வேண்டும் என்று பரிந்துரைக்கும் அறிக்கை 2025 மே மாதம் அரசின் கைக்கு வந்தது. மதிப்பெண் போடும்போது முதலில் பார்க்க வேண்டிய பாகங்கள் என்று அதில் குறித்திருப்பவற்றில் திரை, கேமரா, சார்ஜிங் போர்ட் ஆகியவற்றோடு பேட்டரியும் பின்மூடியும் இருக்கின்றன.

மொபைல் கடைகளில் இன்றைக்கும் பி.எல்.-5சி பேட்டரிகள் சரமாகத் தொங்குகின்றன. விலை நூறு, இருநூறு ரூபாய். கீபேட் போன்களும் கையடக்க எஃப்.எம். ரேடியோக்களும் சின்ன ஸ்பீக்கர்களும் நோக்கியா போட்ட அதே அளவுக் குழியோடு இன்னமும் தயாராகிவருவதால், அவை இன்னும் விற்றுக்கொண்டிருக்கின்றன.