மோட்டார்ப் பட்டறை யாத்திரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாண்டித் தெற்கே சென்றால் கடப்பாக்கம் வரும். ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் காண விரும்புவோர் இங்கேதான் சாலையை விட்டுக் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். மொகலாயர் காலத்தில் எழும்பி, 1750-இல் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் கைக்கு மாறி, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தத் திருப்பத்திலுள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று இடி இடித்தாற் போல் ஒரு சப்தம். நான்கைந்து மோட்டார் வண்டிகள் சாலையைக் கிழித்துக்கொண்டு பறந்தன. கடைக்காரர் கையிலிருந்த தேநீரில் பாதி தரைக்குப் போயிற்று. "எல்லாம் சைலன்ஸர் மாற்றிய வண்டிகள், ஸார்! வேகம் பாதி, சத்தம் பாதி" என்றார் அவர்.

பக்கத்துப் பெஞ்சியில் இருந்த இளைஞன் சிரித்தான். "வேகம் கால்தான், அண்ணே! சத்தம் முக்கால்!" என்றான். திரும்பிப் பார்த்தேன். என் பழைய மாணவன்! வளைகுடா நாட்டில் மோட்டார் மெக்கானிக்காக இருக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான்.

"ஊருக்கு நேரே வந்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஸார். பத்து நாள் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தேன்."

"பேஷ்! கோயில்களையெல்லாம் பார்த்திருப்பாயே?"

"பட்டறைகளைப் பார்த்தேன், ஸார்" என்றான் அவன், சற்றுக் கூச்சத்துடன்.

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் யாத்திரை போவோரை நாம் அறிவோம். கைக்காசைச் செலவழித்துக்கொண்டு மோட்டார்ப் பட்டறைகளுக்கு யாத்திரை போவோரும் உலகில் அநேகர் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி எல்லாருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. அதன் இயந்திரம் உள்ளிழுக்கும் காற்று, எரிக்கும் பெட்ரோல், வெளிவிடும் புகை ஆகியவற்றின் அளவுகளைத் திருத்தி, வில்லையும் பிரேக்கையும் அதற்கேற்ப அமைத்து, ஓட்டுகிறவனுக்கு ஏற்ற வண்டியாக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கிய வீணைக்கு வித்வான் சுருதி கூட்டுவதைப் போன்றது அது.

இந்த வித்தைக்குப் பெயர் போன ஸ்தலங்களின் பூர்வோத்தரம் மிகவும் ருசிகரமானது. ஜப்பானில் எச்.கே.எஸ். என்னும் ஸ்தாபனத்தை, யமஹா கம்பெனியில் எஞ்ஜினீயராக இருந்த ஹிரோயுகி ஹஸெகாவா 1973-இல் ஆரம்பித்தார். எங்கே தெரியுமா? பூஜி மலையின் அடிவாரத்தில், ஒரு பால் பண்ணையின் மாட்டுக் கொட்டிலில்! ஜெர்மனியில் ஏ.எம்.ஜி. என்ற புகழ் பெற்ற பெயர் 1967-இல் புர்க்ஸ்டால் கிராமத்து மாவு மில் ஒன்றில் பிறந்தது. ஆல்பினா என்பதோ, தட்டெழுத்து யந்திரங்கள் செய்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, பி.எம்.டபிள்யூ. 1500 என்ற வண்டிக்கு இரட்டைக் கார்புரேட்டர் பொருத்திப் பார்த்ததில் பிறந்தது. அந்த வேலையின் சுத்தத்தைக் கண்டு, வண்டி செய்த கம்பெனியே 1964-இல் தன் உத்தரவாதம் அதற்கும் செல்லும் என்று ஒப்புக்கொண்டது. பிற்காலத்தில் ஏ.எம்.ஜி.யை மெர்ஸிடிஸ் கம்பெனியும், ஆல்பினாவின் பெயரை 2022-இல் பி.எம்.டபிள்யூ.வும் வாங்கிக்கொண்டன. கொட்டிலிலும் மில்லிலும் கையில் எண்ணெய்க் கறையுடன் நின்றவர்களைத் தேடிப் பெரிய மாளிகைகள் வந்தன!

"அங்கே என்னப்பா விசேஷம் கண்டாய்?" என்று மாணவனைக் கேட்டேன்.

"முதலில் மரியாதை, ஸார். முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது. பிறர் வண்டியைப் படம் எடுத்தால் நம்பர்ப் பலகை தெரியாமல் மறைக்க வேண்டும். வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டி, திருத்துமுன் எவ்வளவு சக்தி, திருத்திய பின் எவ்வளவு என்று கணக்கெடுக்கிறார்கள். காதை நம்புவதில்லை, கணக்கைத்தான் நம்புகிறார்கள். ஒரு கிழவர் என்னிடம், 'முதலில் பிரேக்கைச் சரி செய். பிறகு வேகத்தைப் பற்றிப் பேசு' என்றார்."

நம் நாட்டுக்கு இந்த யாத்திரை புதிதன்று. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கியவர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோது, தொழிற்சாலைகளைத் துருவித் துருவிப் பார்த்தார். கண்டதை ஊருக்குக் கொண்டு வந்தார். 1937-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார மோட்டார் செய்தவர்களில் அவரும் ஒருவர். அதே கோயமுத்தூரில் பிறகு கரிவரதன் தோன்றினார். மாருதி வண்டியின் சிறிய எஞ்ஜினைக் கொண்டே பந்தய வண்டி சமைத்து, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பந்தயத்தை எட்டும்படி செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003-இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளையாகிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இவ்வளவு இருந்தும் கடப்பாக்கம் சாலையில் நாம் கேட்பது வெறும் இரைச்சல்! காரணம் என்ன? சட்டத்தைச் சிலர் குறை கூறுவார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டி செய்தவர் குறித்த அம்சங்களை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. ஜெர்மனியில் தேர்ந்த பரிசோதகர் பார்த்து ஒப்பிய மாறுதலைப் பதிவுச் சீட்டிலேயே எழுதித் தருகிறார்கள். நம்மிடத்தும் அத்தகைய ஏற்பாடு விரிந்தால் வித்தை வெளிச்சத்துக்கு வரும். அதுவரை வேகத்துக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையே தவிர, மீனவப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கே கடக்கும் சாலையன்று.

ஆனால் குற்றம் சட்டத்தில் மட்டுமா இருக்கிறது? இதை நான் சொல்லிக்கொண்டிருக்கையில் மாணவன் மெதுவாக, "ஸார், எட்டாம் வகுப்பில் நீங்கள் ஒரு நாள் என்னை எழுப்பி, 'நீ பட்டறைக்குத்தான் லாயக்கு' என்று சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறதா?" என்றான்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருந்தது. சொன்னவன் மறந்துவிடுவான், கேட்டவன் சுமந்து திரிவான். அந்நிய ஆட்சி 1947-இல் போயிற்று. ஆனால் கையால் உழைப்பவனைத் தாழ்வாகவும், காகிதம் புரட்டுபவனை உயர்வாகவும் எண்ணும் அடிமைப் புத்தி இந்த ஆசிரியனை விட்டு இன்னும் போகவில்லை! பூஜி மலை அடிவாரத்துக் கிழவர் மூட்டை மூட்டையாக மரியாதை பெறுகிறார். எங்கள் ஊர்ப் பட்டறைப் பையனை நாம் 'ஏய்' என்று கூப்பிடுகிறோம்.

"தப்புத்தான், அப்பா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாயா? ஜப்பானில் பார்த்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்றேன்.

"நானா? மேடையில் பேசவெல்லாம் எனக்குத் தெரியாதே, ஸார்!"

"பேச வேண்டாம். ஒரு பழைய கார்புரேட்டர் கொண்டு வா. பிரித்துக் காட்டு, போதும்."

அவன் வந்தான். நாற்பது பிள்ளைகளும் மேஜையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். என் வகுப்பில் அவ்வளவு நிசப்தத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்து பாடம் கேட்டேன்.