ஓராங் அஸ்லி மக்களும் இரண்டு அரசாங்கங்களும்

தீபகற்ப மலேசியாவின் ஆதிக் குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். நம் தோட்டங்களுக்கு அருகிலேயே அவர்களுடைய கிராமங்கள் பல உள்ளன. நம்மைப் போலவே பால்மரம் வெட்டிப் பிழைப்போரும் அவர்களுள் இருக்கின்றனர். ஆயினும், 'ஓராங் அஸ்லி' என்பது ஒரே இனத்தின் பெயர் அன்று என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. நெகிரிட்டோ, செனோய், மெலாயு அஸ்லி என்னும் மூன்று பெரும் பிரிவுகளில் 18 இனத்தவர் அடங்குவர். இவர்களுடைய மொழிகள் வேறு, வழக்கங்கள் வேறு. அதுபோலவே அரசியல் கருத்துகளும் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாடு இன்று தோன்றியதன்று. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு இவர்களுள் சிலர் துணை நின்றனர். வேறு சிலரோ, 1956-இல் அமைக்கப்பட்ட 'செனோய் பிராக்' படையில் சேர்ந்து அரசாங்கத்தின் பக்கம் நின்றனர். 1976-இல் தீபகற்ப மலேசிய ஓராங் அஸ்லி சங்கம் தோன்றிய பின்னர் அவர்களுடைய குரல் ஓர் அமைப்பின் வாயிலாக ஒலிக்கத் தொடங்கியது.

அவர்களுடைய வாழ்வை இரண்டு அரசாங்கங்கள் நிர்ணயிக்கின்றன என்பதை நாம் முதலில் உணர வேண்டும். அரசியலமைப்பின்படி ஆதிக்குடிகளின் நலன் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமோ மாநில அரசாங்கத்தின் அதிகாரம். பள்ளிக்கூடமும் மருந்தும் ஒரு வாசலில். நிலம் மற்றொரு வாசலில். அவர்களுக்கென நிலத்தை ஒதுக்குவதும், ஒதுக்கியதைத் திரும்பப் பெறுவதும் 1954-ஆம் ஆண்டு ஆதிக்குடிகள் சட்டப்படி மாநிலத்தின் கையில் உள்ளன. அச்சட்டம், நிலம் கைமாறும்போது அதிலுள்ள பழமரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இழப்பீடு தர வழி செய்கிறது. மரத்துக்கு விலை உண்டு. அது வேரூன்றிய மண்ணுக்கு?

இக்கேள்வி நீதிமன்றம் ஏறியது. சிலாங்கூரில் டெங்கிலுக்கு அருகில் தெமுவான் இனத்தவர் வாழ்ந்த நிலத்தின் ஒரு பகுதி, 1995-இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. வீடுகளுக்கும் மரங்களுக்கும் பயிர்களுக்கும் பணம் கிடைத்தது, நிலத்துக்குக் கிடைக்கவில்லை. சாகோங் தாசி வழக்கு எனப் பெயர் பெற்ற அவ்வழக்கில், மாநில அரசாங்கத்தோடு மத்திய அரசாங்கமும் எதிர்வாதியாக நின்றது. வழிவழியாக வாழ்ந்து வந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2005-இல் அதனை உறுதி செய்தது. 2010-இல் இரு தரப்பும் இணக்கம் கண்டன.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் காட்சி மாறியது. 2019 ஜனவரியில், கிளந்தான் குவா மூசாங் வட்டாரத்துத் தெமியார் மக்களின் நில உரிமைக்காக மத்திய அரசாங்கமே வாதியாகி, கிளந்தான் மாநில அரசாங்கத்தின் மீதும், அந்நிலத்தில் டுரியான் பயிரிட முனைந்த நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒரு வழக்கில் எதிர்த்து நின்ற அரசாங்கம் மற்றொரு வழக்கில் துணை நின்றது.

அதே மாதத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கேமரன் மலை நாடாளுமன்ற இடைத்தேர்தலில் செமாய் இனத்தவரான திரு. ரம்லி முகமட் நோர் தேசிய முன்னணி வேட்பாளராக வெற்றி பெற்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி அவரே. 2022-இல் அவர் மக்களவையின் துணைச் சபாநாயகரானார். ஆகவே, ஆளுங் கூட்டணியில் சேர்ந்து உள்ளிருந்தே பேசுவோரும் உளர். மனுவோடும் வழக்கோடும் வாதாடுவோரும் உளர். குவா மூசாங் காடுகளில் செய்தது போல மரம் வெட்டும் வண்டிகளைத் தடுப்பு அமைத்து மறிப்போரும் உளர். தனித்தனிக் குடும்பத்துக்கு நிலப்பட்டா கேட்போர் ஒரு சாரார். காடும் ஆறும் கிராமத்துக்கே பொதுவாக வேண்டும் என்போர் மற்றொரு சாரார்.

ஒரு தோட்டத்து மக்கள் எல்லாரும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பதில்லை. அதனால் நம் சம்பளக் கோரிக்கை பொய்யாகிவிடுவதில்லை. அதுபோல, ஓராங் அஸ்லி மக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் அவர்களுடைய நிலக் கோரிக்கையின் வலு குறைந்துவிடாது. ஒருவருடைய பேச்சையே அனைவருடைய முடிவாகக் கொள்ளாமல், எந்த இனத்தார், எந்த மாநிலத்தார், அவர்கள் தட்டுவது எந்த அரசாங்கத்தின் கதவு எனக் கேட்டறிவதே அண்டை வீட்டாராகிய நமக்கு அழகாகும்.