பதினைந்து விநாடியில் பசியாறும் பஸ்

ஜினீவா என்றால் சிலருக்குச் சர்வதேச சங்கத்தின் ஞாபகம் வரும். சிலருக்கு ஏரியும் பனிமலையும் கண்முன் நிற்கும். மற்றும் சிலர் தங்கள் கைக்கடிகாரத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள். நாம் இந்த வாரம் நேயர்களை அழைத்துச் செல்வது அவ்வூரிலுள்ள ஒரு பஸ் நிறுத்தத்துக்கு. கண்கொள்ளாக் காட்சி என்று சொல்வதற்கில்லை. நடைபாதை ஓரத்தில் ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து தெருவை நோக்கி நீண்ட ஒரு கை. அவ்வளவுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாக நகரங்களில் நடந்துவரும் ஒரு வழக்குக்கு அந்தக் கம்பம் ஒரு விதமான தீர்ப்பு.

வழக்கு இதுதான். மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றுவது சுலபம். ஓடுகிற வண்டிக்கு அந்த மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கஷ்டம். ஜினீவாவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1894-ஆம் வருஷம். நம் சென்னையில் 1895. ஒரே வருஷந்தான் வித்தியாசம்! லண்டன் மாநகரத்தின் தெருக்களிலேயே அது பிற்பாடுதான் வந்தது. சென்னையில் முதலில் தெருவுக்கு அடியில் வாய்க்கால் போல் வெட்டி அதற்குள் மின்சாரக் கம்பியை வைத்தார்கள். நம் ஊர் மழைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. கம்பி தலைக்கு மேலே ஏறியது. 1953-ல் கம்பியும் போயிற்று, டிராமும் போயிற்று. ஜினீவாக்காரர்களும் அந்த மோகத்துக்குத் தப்பவில்லை. தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டே வந்து, 1969-ல் 12-ஆம் நம்பர் தடம் ஒன்றே மிச்சம் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்த ஒன்றை விட்டுவைத்தார்கள். 1995 முதல் மறுபடி தடங்களைப் பெருக்க அது பற்றுக்கோடாயிற்று. சென்னை அந்த ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லையே என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே செல்வோம்.

தண்டவாளம் இல்லாத தெருக்களில் ஜினீவாவில் 1942 முதல் டிராலி பஸ்கள் ஓடின. பஸ்ஸின் தலையில் இரண்டு கழிகள். தெரு நெடுக மேலே இரண்டு கம்பிகள். புகையில்லை, இரைச்சலில்லை. ஆனால் புதிதாக ஒரு பேட்டை உண்டானால் அங்கே மைல் கணக்கில் கம்பி இழுக்க வேண்டும். பழைய கட்டடங்களின் அழகு கெடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள்.

"கம்பி வேண்டாம், பாட்டரி இருக்கிறதே!" என்று நேயர்கள் கேட்கலாம். சிறிய பஸ்ஸுக்கு அது போதும். நகரத்தின் முக்கியமான தடங்களில் ஓடுவதோ நடுவில் மடியும் நீண்ட பஸ். சென்னைவாசிகள் வெஸ்டிபுள் பஸ் என்று அழைத்தார்களே, அந்த ஜாதி. ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வட்டமான ஒரு சுழல்தட்டு. அதைச் சுற்றி ஹார்மோனியத் துருத்தி போல் மடிப்பு மடிப்பாக உறை. திருப்பத்தில் வால் பக்கம் தறிகெட்டு மடிந்துவிடாமல் எண்ணெய் அழுத்தத்தால் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் அதற்குள்ளேயே உண்டு. இத்தகைய வண்டியை நாள் முழுவதும் ஓட்டத் தேவையான பாட்டரி மூன்று டன் வரையில் கனக்கும். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 46 பிரயாணிகளின் எடை. அச்சு ஒவ்வொன்றும் இவ்வளவுதான் தாங்கலாம் என்று சட்டம் இருப்பதால், பாட்டரி ஏற ஏற மனிதர்கள் இறங்க வேண்டியதுதான். கூட்டத்தை ஏற்றுவதற்கென்றே நீளமாக்கிய பஸ்ஸில் இது நல்ல வேடிக்கை அல்லவா? குளிர் காலத்தில் சங்கடம் இன்னும் அதிகம். டீஸல் எஞ்சின் வீணாக்கும் உஷ்ணத்தைக் கொண்டே பழைய பஸ்ஸில் குளிர் காய்ந்தார்கள். மின்சார மோட்டார் அவ்வளவு ஊதாரியல்ல. ஆகவே கணப்புக்கும் பாட்டரியே படியளக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஜினீவாவில் கண்ட வழி, நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம்தான்: ஒரே வேளையில் வயிறு முட்ட உண்ணாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை உண்பது. டோசா என்று அதற்குப் பெயர். நம் தோசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீளமான ஒரு பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்கள் அவை. 2013 மே மாதம் விமான நிலையத்துக்கும் பக்கத்திலுள்ள கண்காட்சி மண்டபத்துக்கும் இடையில் ஒரே ஒரு பஸ்ஸை விட்டுப் பரீட்சை பார்த்தார்கள். 2016-ல் ஏ.பி.பி. கம்பெனிக்கும், பஸ் கட்டுவதில் பழைய கையான ஹெஸ் கம்பெனிக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். விமான நிலையத்திலிருந்து கரூஜ் வரையில் செல்லும் 23-ஆம் நம்பர் தடத்தில், 12 பஸ்களைக் கொண்டு, 2017 டிசம்பரில் ஓட்டம் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு பஸ்ஸிலும் 133 பேர் செல்லலாம்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறது. கதவு திறப்பதற்குள் கூரையிலிருந்து ஒரு கரம் எழும்பிக் கம்பத்தின் கையைத் தொடுகிறது. தொடுவதற்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. பிறகு 15 விநாடி நேரம் 600 கிலோவாட் மின்சாரம் பாய்கிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 600-ஐ ஏககாலத்தில் சூடாக்கக்கூடிய சக்தி! கிழவியம்மாள் படியேறி உட்காருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பஸ்ஸுக்குக் கிடைப்பது இரண்டரை யூனிட்தான். இந்த நீளமுள்ள பஸ் அதைக் கொண்டு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகவே போகும். அதற்குள் அடுத்த கம்பம் வந்துவிடும். தடத்திலுள்ள சுமார் 50 நிறுத்தங்களில் 13-ல் மட்டுமே இந்த ஏற்பாடு. கடைசி நிறுத்தத்தில் நாலைந்து நிமிஷம் நிதானமாகச் சாப்பாடு.

இதில் குறையே இல்லை என்று சொல்ல நாம் தயாராயில்லை. தெருவில் பள்ளம் வெட்டி, பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டால் அங்கே கம்பம் ஏது? கம்பிக்கு அடிமையாயிருந்த பஸ் இப்போது கம்பத்துக்கு அடிமை. அடிக்கடி, அவ்வளவு வேகமாக மின்சாரத்தை விழுங்கச் சாதாரண பாட்டரியால் முடியாது. விலை அதிகமான விசேஷ ரகம் தேவை. மேலும், ஜினீவாவுக்கு ரோன் நதி மின்சாரம் கொடுக்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியிலிருந்து வருவது. புகை நம் தெருவை விட்டு ஒழியும், உண்மைதான். ஆனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

பிரான்ஸ் தேசத்தில் நான்ட் நகரம் இதே முறையை 2019-ல் மேற்கொண்டு, இரண்டு இடங்களில் மடியும் 24 மீட்டர் பஸ்களை விட்டது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தார் அதே ஹெஸ் கம்பெனியிடம் அதுபோல் 60 பஸ்களுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஆனால் வழி நெடுகக் கம்பம் வேண்டாம், தடத்தின் கோடியில் ஆறு நிமிஷத்துக்குள் ஏற்றிக்கொள்வோம் என்று தீர்மானித்தார்கள். நமக்கு அது அதிகப் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. சென்னையிலோ, 2025 ஜூன் மாதம் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. மடிப்பில்லாத, சாதாரண நீளமுள்ள பஸ்கள்தான். டிராம் நின்ற வருஷத்திலிருந்து எண்ணினால் 72 வருஷம் ஆகிறது.