எம்.எல்.ஏ. அலுவலகத்தில் யாரிடம் எதைக் கேட்பது?

"ஹஜ்ரத், எம்.எல்.ஏ. ஆபீஸில் மனு கொடுத்து மூணு மாசம் ஆச்சு. ஒரு பதிலும் இல்லை."

மதரஸாவில் ஓதும் பேரனை அழைத்துப் போக வந்த ஒரு பெண்மணி என்னிடம் சொன்னது இது. விதவை உதவித்தொகை கேட்டு எழுதிய மனு. யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அலுவலக வாசலில் நின்ற ஒருவரிடம் கொடுத்ததாகச் சொன்னார். விசாரித்தபோது அவர் அங்கே வேலை செய்பவரே அல்ல என்று தெரிந்தது. மனு உள்ளே போகவே இல்லை.

நமது குமரி மாவட்டத்தில் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என 6 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. இந்த ஆறும் சேர்ந்ததே கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதி. இந்த அலுவலகங்களுக்குப் போகும் நாம், அங்கே யார் என்ன வேலை செய்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அலுவலகத்தில் இருப்பவர்கள்

பெரும்பாலும் ஒரு சிலர்தான் இருப்பார்கள். ஒருவரே இரண்டு மூன்று வேலைகளைப் பார்ப்பதும் உண்டு.

மனு வாங்குபவர்: வந்தவரின் பெயர், ஊர், கோரிக்கை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுபவர். மனுவை இவரிடம்தான் கொடுக்க வேண்டும். பதிவு எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

நேர்முக உதவியாளர்: 'பி.ஏ.' என்று நாம் சொல்பவர். உறுப்பினரின் அன்றாட நிகழ்ச்சிகளையும் தொலைபேசியையும் கவனிப்பவர். நேரில் சந்திக்க இவரிடம் நேரம் கேட்க வேண்டும்.

கடிதம் தயாரிப்பவர்: பரிந்துரைக் கடிதத்தை லெட்டர் பேடில் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைப்பவர். பெயரும் ஆவண எண்ணும் பிழையில்லாமல் எழுதப்பட்டுள்ளதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

தொகுதிப் பணிகளைக் கவனிப்பவர்: சாலை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் போன்ற கோரிக்கைகளுக்காக அதிகாரிகளைத் தொடர்புகொள்பவர். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அது உறுப்பினரின் கைக்கு வராது. அவர் பணியைப் பரிந்துரைப்பார். மதிப்பீடும் அனுமதியும் மாவட்ட நிர்வாகத்தின் வழியாக நடக்கும்.

இவர்களைத் தவிர கட்சிக்காரர்கள் பலர் அங்கே வந்து போவார்கள். அவர்களில் உதவும் மனம் உள்ளவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் ஊழியர்கள் அல்லர்.

கடிதத்தின் எல்லை

பரிந்துரைக் கடிதம் உத்தரவு அல்ல. விதவை உதவித்தொகையை முடிவு செய்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். விண்ணப்பம் அங்கே இல்லாமல் கடிதம் மட்டும் இருந்து பயனில்லை. திங்கட்கிழமை தோறும் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். 1100 என்ற எண்ணில் முதலமைச்சரின் உதவி மையமும் உள்ளது.

வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட், தூதரகம், அங்கே இறந்தவரின் ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவருவது போன்றவை மத்திய அரசின் பொறுப்பு. அதற்கு எம்.பி. அலுவலகத்தை அணுகுவதே நேர்வழி. பாஸ்போர்ட் நகல், இகாமா எண், வேலை கொடுத்தவரின் தொடர்பு எண் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யவும் முடியும்.

'அன்பளிப்பு' வேண்டாம்

வேலை முடிய வேண்டுமே என்று ஊழியர் கையில் பணத்தைத் திணிப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், 'இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு' என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததுதான். தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. வாங்குபவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அந்தப் பெண்மணி மறுபடியும் மனு எழுதி, இம்முறை உரிய இடத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்கி வந்திருக்கிறார். அவர் இழந்த மூன்று மாதங்களை இன்னொருவரும் இழக்கக் கூடாது. ஒவ்வொரு ஜமாஅத்திலும் மனு எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் வாரம் ஒரு நாள் பள்ளிவாசலில் உட்கார்ந்தால் போதும். இன்ஷா அல்லாஹ், பல வீடுகளின் அலைச்சல் குறையும்.