ஒரே ஒரு ரோடு... அலைமோதும் கூட்டம்! அமால்பி கடற்கரையை ஒரே நாளில் சுற்றிப்பார்ப்பது எப்படி?

இத்தாலி நாட்டின் தெற்கே நேப்பிள்ஸ் நகரம் உள்ளது. அதற்கு கீழே, மலையும் கடலும் ஒட்டிக்கிடக்கும் இடம்தான் அமால்பி கடற்கரை. செங்குத்தான பாறை, அதன் மேல் அடுக்கடுக்காக கலர் வீடுகள், கீழே நீலக்கடல் என்று சினிமா செட் போல இருக்கும். 1997-ம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு இதை உலக பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இந்த அழகை பார்க்க உலகம் முழுவதும் இருந்து ஜனங்கள் குவிகிறார்கள். ஆனால் ஒரு நாள் டூர் என்று கிளம்பி வருபவர்களில் பலர் கடலை பார்ப்பதை விட, முன்னால் நிற்கும் பஸ்சின் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். காலையில் தப்பான வழியில் கிளம்பினால் அன்றைய பொழுது ரோட்டிலேயே போச்சு.

சிக்கல் எங்கே?

இந்த கடற்கரை ஊர்களை இணைப்பது ஒரே ஒரு மலைப்பாதை. அதன் பெயர் 163-ம் எண் அரசு சாலை. 19-ம் நூற்றாண்டில், குதிரை வண்டி காலத்தில் போட்ட ரோடு. சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்துக்கு கொண்டை ஊசி வளைவுகளாக போகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அகலப்படுத்த இடம் கிடையாது. இரண்டு பஸ்கள் எதிரும் புதிருமாக வந்துவிட்டால் ஒன்று ரிவர்ஸ் எடுத்தால்தான் மற்றது நகர முடியும்.

சொரெண்டோ என்ற ஊரில் இருந்து அமால்பிக்கு சுமார் 30 கிலோ மீட்டர்தான். ஆனால் பஸ் போய் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இன்னும் கூடும்.

கூட்டத்தை கட்டுப்படுத்த 2022-ம் ஆண்டு ஒரு விதியை தீவிரமாக கொண்டு வந்தார்கள். கோடை சீசனில் குறிப்பிட்ட நாட்களில், பகல் நேரத்தில், நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா, இரட்டையா என்று பார்த்துத்தான் காரை விடுவார்கள். உள்ளூர்க்காரர்கள், பஸ், டாக்சிக்கு விலக்கு உண்டு. வெளியூரில் இருந்து காரில் வருபவர்கள் தேதியை பார்க்காமல் வந்தால் அபராதம்தான். அப்படியே உள்ளே வந்தாலும் காரை நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் பார்க்கிங் கட்டணம் மணிக்கு 5 யூரோ, அதற்கு மேலும் கேட்பார்கள். ஒரு யூரோ நம்ம ஊர் பணத்தில் 100 ரூபாய்க்கு பக்கம் என்பதை கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு

பெரும்பாலானவர்கள் நேப்பிள்சில் இருந்து லோக்கல் ரெயில் பிடித்து சொரெண்டோ போகிறார்கள். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இந்த ரெயிலில் நெரிசல் அதிகம். பிக்பாக்கெட் ஆசாமிகளிடம் பர்ஸ், செல்போன் ஜாக்கிரதை. இறங்கியதும் பஸ்சுக்கு நீண்ட கியூ. இரண்டு பஸ் நிரம்பி போன பிறகு மூன்றாவதில் நின்றுகொண்டு போக வேண்டும். வளைவுகளில் நின்றபடி போனால் தலை சுற்றல், வாந்தி இலவசம்.

திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். நடுவில் இருக்கும் பொசிட்டானோ ஊரில் மாலை நேரம் பஸ்சுக்கு நின்றால், நிரம்பி வரும் பஸ் நிற்காமலே போய்விடும். கையை காட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

சுலபமான வழி எது?

மறுபக்கத்தில் இருந்து, அதாவது சலேர்னோ நகரத்தில் இருந்து கடல் வழியாக போவதுதான் புத்திசாலித்தனம். நேப்பிள்சில் இருந்து சலேர்னோவுக்கு மெயின் லைன் ரெயில்கள் அடிக்கடி உண்டு. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாதாரண ரெயிலில் டிக்கெட் சுமார் 5 யூரோ. ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்திலேயே படகுத்துறை இருக்கிறது.

அங்கிருந்து படகில் ஏறினால் 35 நிமிடத்தில் அமால்பி. கட்டணம் 10 யூரோ அளவில் வரும். பொசிட்டானோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு சற்று கூடுதல். டிராபிக் ஜாம் கிடையாது. போதாக்குறைக்கு, அந்த மலை ஊர்களின் முழு அழகும் கடலில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ரோட்டில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

ஆனால் ஒன்று. படகு சர்வீஸ் ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். கடல் கொந்தளிப்பாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். எனவே முதல் நாள் இரவே வானிலையை பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் முதல் வேலையாக கடைசி படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு இரண்டு ஊர் போதும்

இங்கே மொத்தம் 13 ஊர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பது நடக்காத காரியம். இரண்டு ஊர், மிஞ்சிப்போனால் மூன்று.

காலை முதல் படகில் அமால்பிக்கு வந்துவிட்டால் கூட்டம் வருவதற்குள் பார்த்து முடிக்கலாம். 62 படிகள் ஏறினால் புனித அந்திரேயா பேராலயம். ஏசுவின் சீடரான அந்திரேயாவின் திருப்பண்டங்கள் 1208-ம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து இங்கே கொண்டு வரப்பட்டன. உள்ளே போக தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் அட்ரானி. பரப்பளவில் இத்தாலியிலேயே மிகச்சிறிய ஊராட்சி இதுதான். அமால்பியில் நெருக்கியடிக்கும் கூட்டம் இங்கே பாதி கூட இருக்காது.

மதியத்துக்கு மேல் இரண்டு வழி உண்டு. மலை பிடித்தவர்கள் அமால்பியில் இருந்து பஸ்சில் ரவெல்லோ போகலாம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 350 மீட்டர் உயரம். அரை மணி நேர பயணம். அங்குள்ள வில்லா ரூபோலோ தோட்டத்தில் இருந்து பார்த்தால் கடற்கரை காலடியில் கிடக்கும். கடல் பிடித்தவர்கள் படகிலேயே பொசிட்டானோ போய்விட்டு, அங்கிருந்தே நேராக சலேர்னோ திரும்பலாம்.

பஸ் டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ‘டி’ எழுத்து போர்டு வைத்த சிகரெட் கடைகளில் கிடைக்கும். ஏறியதும் மெஷினில் முத்திரை குத்தாவிட்டால், டிக்கெட் இருந்தும் அபராதம் உண்டு.

பர்ஸ் காலியாகாமல் இருக்க...

ஓட்டலில் உட்கார்ந்தாலே ஆளுக்கு இவ்வளவு என்று ‘கொப்பெர்த்தோ’ என தனி கட்டணம் போடுவார்கள். காபியை நின்றபடி குடித்தால் விலை குறைவு. பீச்சில் குடை, சாய்வு நாற்காலி போட்ட இடத்துக்கு பணம். இலவச பகுதியும் பக்கத்திலேயே இருக்கும், தேடி பிடிக்க வேண்டும். காலி பாட்டில் கையில் இருந்தால் ஊர் குழாய்களில் நல்ல தண்ணீர் பிடிக்கலாம். சொரெண்டோவில் நீச்சல் உடையோடு தெருவில் நடந்தால் 500 யூரோ வரை அபராதம் என 2022-ல் உத்தரவு போட்டார்கள்.

அங்கே இருப்பவர்கள் பாடு

பொசிட்டானோவில் வசிப்பவர்கள் சுமார் 4 ஆயிரம் பேர். அமால்பியில் ஏறக்குறைய 5 ஆயிரம். டூரிஸ்டுகள் அடித்துப்பிடித்து ஏறும் அதே பஸ்தான் ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர், ரூம் சுத்தம் செய்பவர், பள்ளிக்கூட பிள்ளைகள் எல்லோருக்கும் பஸ். அது நிரம்பி நிற்காமல் போனால் டூரிஸ்டுக்கு ஒரு மணி நேரம் நஷ்டம். வேலைக்காரருக்கு வேலைக்கு லேட். ரோடு அடைத்துக்கொண்டால் ஆம்புலன்சுக்கும் வேறு வழி இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலையை படி படியாக வெட்டி, கல் சுவர் கட்டி, அதில்தான் பெயர் பெற்ற எலுமிச்சையை விளைவிக்கிறார்கள். மண்ணை பிடித்து வைத்திருப்பதே அந்த சுவர்கள்தான். விவசாயத்தை விட டூரிஸ்ட் தொழிலில் காசு வருவதால் பல தோட்டங்கள் கைவிடப்பட்டு, சுவர்கள் இடிகின்றன. பலத்த மழை பெய்தால் மண் சரிகிறது. 2010 செப்டம்பரில் அட்ரானியில் வெள்ளம் புகுந்து ஒரு இளம்பெண் உயிரிழந்தார். 2021 பிப்ரவரியில் அமால்பியில் பாறை சரிந்து ரோடு துண்டானது. அதை சரிசெய்து திறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

ஆகஸ்டை விட்டுவிட்டு மே மாதமோ, செப்டம்பர் கடைசியோ போனால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. சனி, ஞாயிறு வேண்டாம். படகில் போய், படகில் திரும்பினால் ரோட்டில் அவ்வளவு நெருக்கடி மிச்சம். முக்கியமாக கடைசி படகை விட்டுவிடக்கூடாது. விட்டால் மறுபடியும் அந்த பஸ் கியூதான்.